கேஸ் ஷீட் யாருடைய சொத்து?

வைகைக்கரையான்:
அப்பாவுக்கு வயது 71. மூன்று மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தோம். இப்போது தையல் போட்ட இடத்தில் சீழ் வடிகிறது. வேறொரு எலும்பு டாக்டரிடம் காட்டியபோது அவர் கேட்டது இரண்டே கேள்விதான். எலும்பைச் சேர்க்க உள்ளே வைத்த பிளேட் எந்தக் கம்பெனி? என்ன ஆன்டிபயாடிக், எத்தனை நாள் போட்டார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியில் "தேவையான ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது" என்ற அளவில் ஒரு ஆங்கில வரி இருந்தது. பிளேட் பற்றி அதுவும் இல்லை.

சரி, சிகிச்சைக் குறிப்பெல்லாம் இருக்கும் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கிவிடலாம் என்று போனேன். கவுன்ட்டரில் இருந்தவர், "சம்மரி கொடுத்தாச்சே சார், கேஸ் ஷீட் ஆஸ்பத்திரி சொத்து" என்றார். மேலாளரைப் பார்த்தால், அவர் கேட்ட முதல் கேள்வியே "கேஸ் போடப் போறீங்களா?" என்பதுதான்.

2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த அட்டெண்டரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பது நடத்தைத் தவறு என்றே எழுதியிருக்கிறது. நான் எட்டு நாளாக அலைகிறேன்.

இருபது படுக்கை:
சிறிய நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் நான். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த விதி டாக்டரைத்தான் கட்டும், மருத்துவமனை நிர்வாகத்தை அல்ல. மாநில மருத்துவக் கவுன்சிலில் நீங்கள் புகார் கொடுத்தால் மாட்டுவது அறுவை சிகிச்சை செய்தவர். கவுன்ட்டரில் தடுத்தவரும் மேலாளரும் அப்படியே இருப்பார்கள்.

அதை விடுங்கள். கேட்டது நீங்களா, உங்கள் அப்பாவா? அவர் கையெழுத்துப் போட்டாரா? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மூத்த மகன், "வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்று தன் அம்மாவின் கேஸ் ஷீட்டைக் கேட்டு வந்தார். நம்பிக் கொடுத்தேன். தங்கைக்கு அந்த அம்மா சொத்தை செட்டில்மென்ட்டாக எழுதிக் கொடுத்த வாரத்தில் அவருக்குச் சுயநினைவு சரியில்லை என்று காட்டத்தான் அந்த நகல் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "என்னைக் கேக்காம எப்படி டாக்டர் கொடுத்தீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து நோயாளியின் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கம்கூட வெளியே போகாது.

சட்டக்கல்லூரி மரத்தடி:
டாக்டர் சொன்ன அனுமதி விஷயம் நியாயம். ஆனால் நோயாளியே கேட்டாலும் "ரகசியம்" என்று சொல்லி மறுக்கிறார்களே, அதற்கு 1996-இலேயே மும்பை உயர் நீதிமன்றம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. நோயாளியின் ரகசியத்தை நோயாளியிடமிருந்தே எப்படிக் காப்பது?

நிர்வாகத்தைப் பிடிக்க வழியில்லை என்பதும் தவறு. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆவணம் தர மறுப்பதைச் சேவைக் குறைபாடு என்று அங்கே வாதிடலாம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

மதுரை மல்லி:
72 மணி நேரம் பழைய கதை இல்லையா? 2023-இல் அதை 5 வேலை நாள் என்று மாற்றிவிட்டார்கள் என்று படித்தேன்.

சட்டக்கல்லூரி மரத்தடி:
மாற்றினார்கள், நிலைக்கவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிய விதிகளை அறிவித்தது. கம்பெனிப் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்தை எழுதச் சொன்னதற்கு டாக்டர்களிடம் பெரிய எதிர்ப்பு வந்து, அதே மாதம் மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டு 2002 விதிகளையே திரும்பக் கொண்டுவந்தது. அதனால் 72 மணி நேரம்தான்.

இருபது படுக்கை:
தீர்ப்பு எண்களை அடுக்குவது சுலபம். கேஸ் ஷீட் எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் ஒரு வரி எழுதுவார். காலையில் சிஸ்டர் வேறு நேரம் போட்டு அதையே எழுதுவார். இரண்டுக்கும் பத்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் நீங்கள் அதைச் "சதி" என்பீர்கள். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், மாலைக்குள் வாசலில் ஐம்பது பேர். மருத்துவமனைகளைத் தாக்குபவர்கள் மீது 2008-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. சும்மாவா போட்டார்கள்?

வைகைக்கரையான்:
டாக்டர் சார், நான் ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு பிளேட்டின் பெயரைக் கேட்டேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. வாயால்தான் கேட்டேன். அவருக்கு நினைவெல்லாம் நன்றாகவே இருக்கிறது. அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சட்டக்கல்லூரி மரத்தடி:
பயத்துக்கும் ஒரு அளவு வேண்டும். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், இன்னொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறாமல் போலீஸ் ஒரு டாக்டர் மேல் குற்ற நடவடிக்கைக்குப் போகக்கூடாது என்று வழி வகுத்தது. ஒழுங்காக எழுதிய கேஸ் ஷீட்தான் அப்போது டாக்டருக்கே துணை.

ரெக்கார்டு ரூம்:
மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உண்மையைச் சொல்லட்டுமா? பெரும்பாலும் தாமதம் ஜெராக்ஸ் எடுப்பதில் இல்லை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் ஆபரேஷன் நோட்ஸ் எழுதப்படாமல் கிடக்கும். மயக்க மருந்துத் தாளில் கையெழுத்து இருக்காது. யாராவது நகல் கேட்டால்தான் டாக்டரைத் தேடி ஓடுவோம். அந்த நேரத்தில் எழுதுவது எப்படிப்பட்ட எழுத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மையில், ஒரே சாய்வில், மூன்று நாள் குறிப்பும் இருக்கும். கெட்ட எண்ணம் என்று எல்லோரையும் சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் சோம்பேறித்தனம்தான்.

வைகை தம்பி, நோயாளியின் ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்த்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி எழுதி, அப்பா கையெழுத்துடன் இரண்டு பிரதி கொண்டு போங்கள். உங்களுக்கு அதிகாரம் கொடுப்பதாக அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். உள்ளே வைத்த பிளேட், ஸ்க்ரூ பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, லாட் எண் எல்லாம் அதில்தான். அதைப் பொதுவாக ஆபரேஷன் நோட்ஸ் பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள். நகலில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

இருபது படுக்கை:
ரெக்கார்டு ரூம் அண்ணன் சொன்னது எங்கள் ஆட்களுக்குக் கசக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது படுக்கைக்கு ஒரு சிஸ்டரும் ஒரு டியூட்டி டாக்டரும் இருக்கும் இடத்தில், எழுதுவதா ஊசி போடுவதா என்று கேட்டால் ஊசிதான் முதலில்.

மதுரை மல்லி:
அந்த டியூட்டி டாக்டர் எம்.பி.பி.எஸ்.ஸா என்பதையும் நாங்கள் கேட்கலாமா? 😄 தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் மொத்தம் 17 உரிமை. பார்க்கும் டாக்டரின் தகுதியைத் தெரிந்துகொள்வதும் அதில் வருகிறது.

இருபது படுக்கை:
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்தச் சாசனம் தன்னளவில் சட்டம் இல்லை. மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும்படி மத்திய அரசு அனுப்பியது, அவ்வளவுதான்.

வைகைக்கரையான்:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அப்பா, "நானும் வர்றேன்டா" என்றார். வாக்கருடன் கவுன்ட்டர் முன் வந்து நின்று, அவர்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். சீல் கிடைத்தது. நான்காம் நாள் நகல் வந்தது, 84 பக்கம். ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் இருக்கிறது. மருந்துத் தாளும் இருக்கிறது. ஆனால் காயத்திலிருந்து கல்ச்சர் (என்ன கிருமி என்று பார்க்கும் சோதனை) எடுத்து அனுப்பியதாகச் சிஸ்டர் குறிப்பில் ஒரு வரி வருகிறது. ரிப்போர்ட் மட்டும் எங்கேயும் இல்லை.

இருபது படுக்கை:
அந்த வரியின் தேதியை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போங்கள். கேஸ் ஷீட்டில் சேராமல் போயிருந்தாலும் அவர்கள் பதிவேட்டில் இருக்கும். அதையும் அப்பா கையெழுத்தோடு கேளுங்கள்.