பட்டாணிப் பவுடரும் சித்தியின் ஃபார்வர்டும்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

கார்த்திக்: பட்டாணியிலேர்ந்து புரதத்தைத் தனியா பிரிச்சு பவுடராக்கிட்டேன்! பேட்டன்ட் போடப் போறேன்.

பெரியப்பா: சபாஷ்டா! இனி எவன் பட்டாணிப் புரதம் செஞ்சாலும் உனக்குக் கப்பம் கட்டணும்.

நித்யா அக்கா: அதான் நடக்காது பெரியப்பா. புரதம் பட்டாணிக்குள்ள தானாவே இருக்கு, இவன் உண்டாக்கல. எப்படிடா பிரிச்ச?

கார்த்திக்: மாவைக் காரத்தன்மையுள்ள தண்ணியில கரைச்சு, சக்கையை வடிச்சு, அமிலம் விட்டு பிஎச் (புளிப்பு அளவு) 4.5 கிட்ட கொண்டுவந்தேன். புரதம் திரிஞ்சு அடியில தங்கிடுச்சு.

நித்யா அக்கா: அது பாடப்புத்தகத்துலயே இருக்கு. புதுசா இல்லன்னா முதல் கேள்வியிலயே காலி. புதுசா இருந்தாலும், துறை தெரிஞ்சவன் "இதை யாரா இருந்தாலும் செஞ்சு பாத்திருப்பாங்களே"ன்னுட்டா அதுவும் போச்சு. நிறைய விண்ணப்பம் அங்கதான் விழும்.

மாமா: அமெரிக்காவுல ஒருத்தர் மஞ்சள் பீன்ஸுக்கே வாங்கினாரே?

நித்யா அக்கா: எனோலா பீன். 1999ல குடுத்தாங்க. மெக்சிகோக்காரங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே விளைச்சுச் சாப்பிட்ட பீன்ஸ் மாமா. கொலம்பியாவுல இருக்கிற சியாட் ஆராய்ச்சி மையம் எதிர்த்துச்சு. அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் 2009லதான் செல்லாதுன்னு முடிஞ்சுது. நடுவுல இறக்குமதி பண்ணினவங்க பாடு திண்டாட்டம்.

பெரியப்பா: அப்ப செடிப் புரதத்துக்கு யாருக்குமே கிடைக்காதா?

நித்யா அக்கா: கிடைக்கும். செடியிலேர்ந்து கறி மாதிரி செய்யுற அமெரிக்கக் கம்பெனி இம்பாசிபிள் ஃபுட்ஸ் வெறும் புரதத்துக்குன்னு கேக்கல. ஹீம், அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கிற இரும்புச் சேர்மம், இருக்கிற புரதத்தோட சர்க்கரை, கந்தகச் சேர்மம் சேர்த்துச் சூடாக்கினா கறி மணம் வருதுன்னு கேட்டாங்க. ஐரோப்பாவுல அப்படி ஒண்ணை 2022ல ரத்தே பண்ணிட்டாங்க, அது வேற கதை. கார்த்திக், உன் பவுடர்ல மத்தவங்க பவுடர்ல இல்லாதது என்ன?

கார்த்திக்: பச்சை வாடையே வராது அக்கா. காய வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ஊத்துவேன், அது

நித்யா அக்கா: நிறுத்து!! அதுதான் உன் சரக்கு. இங்க எழுதாத.

சித்தி: நீ பவுடர் செஞ்சு எனக்கு அனுப்பின அந்த வீடியோவா? எவ்வளவு அழகா இருந்துச்சு! நேத்தே வாக்கிங் குழுவுல போட்டுட்டேன்.

கார்த்திக்: சித்தி!!!

நித்யா அக்கா: ஐயோ. ஐரோப்பாவுல தாக்கல் பண்றதுக்கு முந்தி வெளிய தெரிஞ்சா அதோட சரி. ரகசியம் காக்கவேண்டிய கடமை இல்லாத ஒரே ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டாலே போதும். அமெரிக்காவுல ஒரு வருஷம் தவணை உண்டு. டேய், வீடியோவுல ஊத்துறது தெரியுதா?

கார்த்திக்: பவுடர் கொட்டுறது மட்டும்தான்னு நெனைக்கிறேன்.

சித்தி: இல்லப்பா, பாட்டில்லேர்ந்து என்னமோ ஊத்தினியே. என்னன்னு ஒருத்தி கேட்டா.

நித்யா அக்கா: நீங்க என்ன சொன்னீங்க சித்தி?

சித்தி: தெரியலன்னேன். அவளுக்குக் கெமிஸ்ட்ரி நல்லா வரும். கார்த்திக்கையும் அந்தக் குழுவுல சேக்கவா, அவனே விளக்கிடட்டும்?

நித்யா அக்கா: கார்த்திக், போனை எடு.