மைக்ரோபயாலஜி முடிக்கிறேன், தொற்றுநோய் ஜீனோமிக்ஸ் ஆராய்ச்சிக்கு எப்படிப் போவது?

அரூர்_மைக்ரோ:
வணக்கம். தருமபுரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மூன்றாம் வருஷம் படிக்கிறேன். கிருமிகளை மரபணு வழியாகக் கண்டுபிடிப்பது, சீக்குவென்சிங் (மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்பது), இதிலெல்லாம் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில் "டி.எம்.எல்.டி. படிச்சு லேப் வேலைக்குப் போ" என்கிறார்கள் (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ). கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற பிசிஆர் மெஷினைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்ததோடு சரி. பிஎச்.டி. வரை போனால் நடுவில் சம்பளம் வருமா? பெங்களூரா, சென்னையா?

ஓசூர்_லேப்:
நான் தனியார் லேபில் பிசிஆர் பகுதியில் இருக்கிறேன். கிட் வரும், அதில் எழுதியிருக்கிறபடி கலக்க வேண்டும், மெஷினில் வைக்க வேண்டும், சிடி மதிப்பை, அதாவது எத்தனையாவது சுற்றில் கிருமி தெரிகிறது என்ற எண்ணைப் பார்த்து ரிப்போர்ட் போட வேண்டும், அவ்வளவுதான். கோவிட் சமயத்தில் ஆள் ஆளாக எடுத்தார்கள், அலை ஓய்ந்ததும் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சி என்று நினைத்து இந்த வேலைக்கு வராதீர்கள். சோற்றுக்கு வழி என்றால் தாராளமாக வரலாம்.

பாலக்கோட்டுக்காரி:
தம்பியோ தங்கையோ, ஓசூர்க்காரர் சொல்வது சரிதான், ஆனால் அந்த மெஷின் எதைப் பார்க்கிறது என்று கேட்கிற இடத்தில்தான் ஆராய்ச்சி ஆரம்பிக்கிறது. நான் காசநோய் ஜீனோமிக்ஸில் பிஎச்.டி. முடித்து அதிலேயே இருக்கிறேன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தால் சிபிநாட் என்ற மரபணுச் சோதனை மெஷின் சுமார் இரண்டு மணி நேரத்தில் காசநோய் உண்டா, அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சொல்லிவிடும். காசநோய்க் கிருமியின் ஜீனோம், அதாவது அதன் மொத்த மரபணுத் தொகுதி, ஏறக்குறைய 44 லட்சம் டி.என்.ஏ. எழுத்து, 1998-லேயே முழுதாகப் படித்து வெளியிட்டுவிட்டார்கள். ரிஃபாம்பிசினுக்காக மெஷின் பார்ப்பதோ ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் 81 எழுத்து மட்டும். எதிர்ப்பைத் தரும் மாற்றங்களில் பெரும்பாலானவை அங்கேதான் வருகின்றன, ஆகவே அது நல்ல தேர்வுதான். ஆனால் ஆப்பிரிக்காவில் எசுவாத்தினி நாட்டில் அந்த 81-க்கு வெளியே ஒரு மாற்றம் பரவியிருந்தது, மெஷின் அதைக் கோட்டைவிட்டது. ரிப்போர்ட் மருந்து கேட்கும் என்றது, நோயாளிக்குக் கேட்கவில்லை. எது மாறியிருக்கிறது என்பது மரபணுவை வரிசைப்படுத்தித்தான் தெரிந்தது. நோய் கண்டறிதலையும் ஜீனோமிக்ஸையும் தனித்தனியாக நினைக்காதே என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம்: எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000. ஐ.சி.எம்.ஆர். (மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), டி.பி.டி. (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) இரண்டும் தனித் தேர்வு நடத்தியிருக்கின்றன, அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார். மாசாமாசம் தேதி தவறாமல் வரும் என்று மட்டும் நம்பி வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடாதே! எம்.எஸ்சி.க்கு காட்-பி என்ற நுழைவுத் தேர்வு எழுது, டி.பி.டி. உதவியோடு நடக்கும் படிப்புகளில் உதவித்தொகையும் உண்டு.

ஊர் எதுவானால் என்ன. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலூரில் சி.எம்.சி., பெங்களூரில் நிம்ஹான்ஸ் (மூளை, நரம்பு, மனநல நிறுவனம்), என்.சி.பி.எஸ். (உயிரியல் ஆராய்ச்சி மையம்), எல்லாம் நமக்கு எட்டுகிற தூரம். மாநில அரசே 2021-ல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஜீனோம் லேப் திறந்தது.

இதைவிட முக்கியம் கம்ப்யூட்டர். மெஷின் ஓட்டப் பத்துப் பேர் கிடைப்பார்கள், வருகிற டேட்டாவைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. லினக்ஸும் பைத்தானும் இப்போதே தொடங்கு. என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்க அரசின் மரபணுத் தகவல் தளத்தில் நிஜமான காசநோய் ஜீனோம்கள் இலவசமாகக் கிடக்கின்றன, கேலக்ஸி என்ற இலவச அலசல் தளத்தில் ஏற்றினால் அலசும் வேலையை அவர்கள் சர்வரே பார்த்துக்கொள்ளும். அரூரில் உட்கார்ந்தே செய்யலாம்.

கிருஷ்ணகிரி_வாத்தியார்:
இந்த அக்கா சொல்வதில் எனக்கு ஒரு ஆட்சேபம். பிஎச்.டி. என்றால் ஐந்தாறு வருஷம், அதற்கு மேல் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை), நிரந்தர வேலை கடைசியில்தான். வீட்டில் கடன் இருந்தால் எம்.எஸ்சி. முடித்து ஒரு ஆராய்ச்சி புராஜெக்டில் ஒப்பந்த வேலைக்குப் போய்ப் பார்க்கட்டும், பிடித்தால் தொடரலாம். மற்றபடி, மெஷினைத் தொட்டதில்லை என்று தயங்க வேண்டாம். 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது வெளிவந்ததே சென்னையில் மைக்ரோபயாலஜி முதுநிலை படித்துக்கொண்டிருந்த நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளால்தான். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் வேலூருக்கு ரயிலில் எடுத்துப் போனார்.

அரூர்_மைக்ரோ:
ரொம்ப நன்றி. அக்கா, நான் பிளஸ் டூவில் கணக்குப் படிக்கவில்லை, பரவாயில்லையா? (தங்கைதான்.)

பாலக்கோட்டுக்காரி:
நானும் பயாலஜி குரூப்தான் தங்கச்சி. கால்குலஸ் தேவைப்படாது, புள்ளியியல் கட்டாயம் வேண்டும், என்.பி.டெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிரியலுக்கான புள்ளியியல்) பாடம் இருக்கிறது. வாத்தியார் சொன்ன ஒப்பந்த வேலை யோசனையும் நல்லதுதான், ஆனால் அங்கே போனபிறகு நெட் படிப்பை விட்டுவிடாதே.