பொருள்: ரீலேர்ன் – ‘மறுகற்றல்’ வேண்டாம், ‘இடப்பதிவு’ சரிவருமா?

> டயர்களை இடம் மாற்றியபின் காற்றழுத்த உணரிகளுக்குச் செய்யும் ரீலேர்ன் = மறுகற்றல்

அண்ணா, வணக்கம். ரீலேர்னுக்கு நீங்கள் மேலே தந்திருக்கும் ‘மறுகற்றல்’ என்ற சொல்லைப் படிப்பவருக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்றே பிடிபடாது. அதனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

என் செவ்ரோலே காரில் டயர்களை நானேதான் மாற்றிப் போடுவேன். முன்னவை நேராகப் பின்னுக்கு, பின்னவை குறுக்காக முன்னுக்கு. போன தடவை ரீலேர்ன் செய்யாமல் விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து, இடது முன் டயரில் காற்று குறைவு என்று திரை காட்டியது. அதற்குக் காற்றடித்தால் அந்த எண் அசையவில்லை, வலது பின் எண் ஏறியது! ஆணி குத்தியிருந்தது இடது பின் டயரில்.

வீலுக்குள் வால்வோடு இருக்கும் உணரி ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் ரேடியோ அலையில் அனுப்புகிறது. எந்த மூலையிலிருந்து அனுப்புகிறது என்று வண்டிக்குத் தெரியாது, எந்த உணரி எந்த மூலையில் என்ற பழைய பட்டியலைத்தான் நம்பும். இந்தத் தடவை, சாவியில் பூட்டு, திறப்பு பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. இடது முன் வால்வருகே, உணரியைத் தூண்டும் கருவியை வைத்ததும் ஒரு ஹாரன். அப்புறம் வலது முன், வலது பின், இடது பின். ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் உணரியின் அடையாள எண் தன் இடத்தில் பதிகிறது. ஆகவே ‘இடப்பதிவு’. சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடியதும் தாமே பதிந்துகொள்ளும். அதைத் ‘தானியங்கு இடப்பதிவு’ எனலாம். ‘இணைத்தல்’ என்பதைப் புது உணரி பொருத்துவதற்கு வைத்துக்கொள்வோம்.

டயர்களை இப்படி இடம் மாற்றிப் போடும் ரொட்டேஷனுக்குச் ‘சக்கரச் சுழற்சி’யும் வேண்டாம். சக்கரம் ஓடும்போதெல்லாம் சுழலத்தானே செய்கிறது? ‘டயர் மாற்றம்’ என்றாலோ புது டயர் போடுவதாகிவிடும். ‘சக்கர இடமாற்று’ என்றால் இடமாற்று முடிந்ததும் இடப்பதிவு என்று சொல்லே நினைவூட்டும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. வீலுக்குள் உணரியே இல்லாத வண்டிகளில், காற்றிறங்கிய டயர் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றுவதை ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உணரிகள் வழியே கண்டுபிடிக்கிறார்கள். அங்கே இடமாற்றுக்குப் பின், காற்றைச் சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவது இடத்தைப் பதிய அல்ல. நான்கு சக்கரங்களும் இப்போது சுற்றும் விதத்தைப் புது அளவாக எடுத்துக்கொள்ளத்தான். அதற்கு ‘அளவுப்பதிவு’ என்று யோசித்தேன். ‘அளவீடு’ என்பதோடு குழம்புமோ என்று தயக்கமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.