சித்திரை பிறந்தும் குண்டுமல்லி பூக்கலை, வெட்சி வெளுக்குது: என்ன காரணம்?

மாடிவெயில் (தாம்பரம் பக்கம்)
மேற்குப் பார்த்த மொட்டை மாடி, காலை பத்து மணியிலிருந்து நல்ல வெயில். போர் தண்ணீர்தான், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் செடிக்கே ஊற்றுகிறோம்.

குண்டுமல்லி, முல்லை, பிச்சி மூன்றும் 15 இஞ்ச் தொட்டியில். பொங்கல் முடிந்ததும் மூன்றையும் ஒன்றாகக் கவாத்து பண்ணியாச்சு (கிளைகளை வெட்டிவிட்டாச்சு). வாரா வாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல். மல்லியில் இலை கருகருவென்று தழைக்கிறது, மொட்டு மட்டும் நாலைந்துதான். அதுவும் ஊதா நிறமாகி உதிர்ந்துவிடுகிறது. பக்கத்தில் வெட்சிக் கொழுந்து மஞ்சளாக வருகிறது.

இன்னொன்று: கொன்றை, ஆவாரை என்று நம்ம ஊர்ச் செடிகள் வைக்க ஆசை. கொன்றை தொட்டியில் வருமா?

பூக்கூடை
மூன்றுக்கும் கவாத்துக் காலம் வேறு வேறுங்க. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. சென்னைப் பக்கம் நவம்பரில் மழை விடாது என்பதால் மல்லியை டிசம்பர் முதல் வாரம் வரை தள்ளலாம். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும். உங்கள் முல்லைக்குப் பெரிய நஷ்டமில்லை. மல்லிதான் தாமதமாகிவிட்டது. வெட்டி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் புதுத் தளிர் நுனியில் மொட்டு வைக்கும்.

அடுத்த தடவை: கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். தரையில் இருக்கும் செடியை 45–50 செ.மீ. உயரத்தில் வெட்டுவார்கள், தொட்டிக்கு ஒரு அடி போதும். காய்ந்த குச்சி, உள்பக்கம் குறுக்கே போகும் கிளை எல்லாம் போகட்டும். மிச்ச இலையையும் உருவிவிட்டு, மேல் மண்ணை இரண்டு இஞ்ச் எடுத்துவிட்டு, அதே அளவு மக்கிய தொழுவுரம் நிரப்புங்கள்.

இப்போதைக்கு முதலில் புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் அதிகம். வாரா வாரம் கொடுத்தால் செடி இலை போட்டுக்கொண்டே இருக்கும், பூக்க நினைக்காது. மாதம் ஒரு தரம், பத்து மடங்கு தண்ணீர் கலந்து, போதும். அதோடு மரச்சாம்பல் போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். சாம்பல் காரம், உங்கள் உப்புத் தண்ணீருக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். எலும்புத் தூளும் காரமண்ணில் கரையாமல் கிடக்கும்.

நீளமாக ஓடிய கொடி நுனிகளை இரண்டு கணு கிள்ளிவிடுங்கள். இனி ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் இதையே செய்யுங்கள்.

வேப்பங்கொட்டை
ஊதா மொட்டை வெயிலின் தலையில் கட்டிவிடாதீர்கள். உதிர்ந்த மொட்டு ஒன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஓட்டையும் எச்சமும் இருந்து, மொட்டுகள் நூலால் பின்னியிருந்தால் மொட்டுப்புழு. ஓட்டையே இல்லாமல் அடிப்பக்கம் மட்டும் தடித்திருந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

மாடிவெயில்
பிளந்து பார்த்தேன். ஓட்டை இல்லை. காம்பை ஒட்டிய இடம் வீங்கி இருக்கிறது, உள்ளே வெள்ளையாக, நூல் துணுக்கு மாதிரி இரண்டு மூன்று நெளிகிறது.

வேப்பங்கொட்டை
மொட்டு ஈயேதான். கொசுவை விடச் சின்ன ஈ, பிஞ்சு மொட்டுக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு சுண்டி விழுந்து தொட்டி மண்ணுக்குள் கூடு கட்டும். சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆகவே மேலே மட்டும் மருந்தடித்தால் தீராது, மண்ணையும் கவனிக்கணும்.

நிறம் மாறிய மொட்டு, உதிர்ந்த மொட்டு அத்தனையையும் தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் நீங்களே ஈ வளர்க்கிற மாதிரி. தொட்டி மேல் மண்ணை வாரம் ஒரு தரம் ஒரு இஞ்ச் கிளறி, காய விட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளும் கலக்கலாம்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலைக் கலந்து பால் போல ஆனதும்தான் தண்ணீர் சேர்க்கணும். நேரே தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதந்து, கடைசியில் அடிக்கிற செடி மட்டும் கருகும். வெயில் தாழ்ந்த பிறகு, மொட்டு மிளகு அளவில் இருக்கும்போதே அடியுங்கள். பெருத்த மொட்டுக்குள் இருக்கும் புழுவை எந்த மருந்தும் எட்டாது.

கோடையில் இலை அடியில் சிவப்புச் சிலந்திப்பேனும் வரும். மேலே பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி தெரியும். குழாயை வேகமாக வைத்து இலை அடியைக் கழுவினாலே பாதி போய்விடும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) வாங்கி வைத்திருந்தால், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். கத்திரி வெயிலில் கந்தகம் தனியாகவே ஆபத்து.

செம்மண்
வெட்சிக்கு வருகிறேன். கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறை. அடி இலை மஞ்சளானால் கதை வேறு. வெட்சி நம் தென்னிந்திய மண்ணிலேயே, புளிப்பான (அமிலத்தன்மையுள்ள) செம்மண்ணில் வளர்கிற செடி. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். கிடைத்தால் ஏசி தண்ணீர், மழைத் தண்ணீர் வெட்சிக்கு ரொம்ப நல்லது. போர் தண்ணீர்தான் கதி என்றால், மாதம் ஒரு தரம் தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியாக உப்பு இறங்க விடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

இலைக்கு: அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம். முதலில் சிட்ரிக்கைக் கரைத்து அப்புறம் அன்னபேதி. இல்லையென்றால் கரைசல் துருநிறமாகிவிடும். அப்படி ஆனது செடிக்குப் பயன்படாது. மாலையில், பத்து நாளுக்கு ஒரு தரம், கொழுந்து பச்சையாக வரும் வரை. பழைய மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடித்ததும் சுவரிலும் தரையிலும் பட்டால் கறை போகாது, தொட்டியை நகர்த்தி வைத்து அடியுங்கள்.

கானகத்தான்
சரக்கொன்றையைத் தொட்டியில் வைக்காதீர்கள். பத்து மீட்டருக்கு மேலும் போகிற மரம். விதையிலிருந்து பூவைப் பார்க்கத் தரையிலேயே சில வருஷம் ஆகும். தொட்டியில் குச்சியாகவே நிற்கும். கீழே இடமிருந்தால் சுவரிலிருந்து பத்து, பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். கோடையில் இலை உதிர்வதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் கொட்ட வேண்டாம், பூக்கிற காலமே அதுதான்.

நர்சரியில் ‘கொன்றை’ என்று கேட்டால் மஞ்சளாகப் பூக்கும் எதையும் கொடுப்பார்கள். முதுமலைக் காட்டில் வெட்டி அழிக்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ் கூட அந்தப் பேரில் கைக்கு வரும், அது தென் அமெரிக்கச் செடி. சரக்கொன்றையில் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். ஸ்பெக்டாபிலிஸில் மேல்நோக்கி நிற்கும். பூ இல்லாதபோது இலையைப் பாருங்கள்: சரக்கொன்றைக்கு அகலமான சிற்றிலைகள், நாலிலிருந்து எட்டு ஜோடி. மற்றதற்குப் பத்துக்கு மேல், சிறுசாக இருக்கும்.

மாடிக்கு ஆவாரை சரியான ஆள். ஆனால் நாற்று வாங்கி மாற்றி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது. விதையைச் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, வளரப்போகிற 18 இஞ்ச் தொட்டியிலேயே அரை இஞ்ச் ஆழத்தில் நாலு ஊன்றி, தேறியதில் ஒன்றை விடுங்கள். கலவையில் பாதி செம்மண், கால் பங்கு ஆற்று மணலோ எம்-சாண்டோ, மிச்சம் மக்கிய உரம். தென்னை நார்க்கழிவு சேர்க்காதீர்கள், ஈரம் பிடித்து வேர் அழுகும். மேல் மண் இரண்டு இஞ்ச் காய்ந்த பிறகே தண்ணீர்.

இலையில் பச்சைக் கம்பளிப்பூச்சி மாதிரி, ஆனால் முடியில்லாத புழு வந்தால் வேப்பெண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எலுமிச்சை நிற வண்ணத்துப்பூச்சியாகப் போகிறவை அவை. செடி கொஞ்சம் மொட்டையாகும், இரண்டு மூன்று வாரத்தில் தழைத்துவிடும்.