கம்பம் மெட்டு ஜீப்பும் தம்பி பொண்டாட்டியின் பிரஷரும்

கர்ப்பிணிகளுக்கு வருகிற ரத்தசோகை பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், நான் அவர்களுக்கு வருகிற பிரஷர், அதாவது ரத்த அழுத்தம் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

எங்களுக்குக் கம்பம் பக்கம். விடியுமுன்னே ஜீப் ஏறி, மெட்டு ரோட்டு வளைவெல்லாம் சுற்றி, இடுக்கி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிற பெண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. என் தம்பி பொண்டாட்டியும் தலைச்சன் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை போனாள். போகாதே என்று சொல்லிவிடலாம், கூலிக்கு என்ன வழி? ஊரில் நர்சம்மா வருகிற அன்று இவள் மலையில் இருப்பாள். மலையில் ஆஷா சேச்சி (கேரளத்துச் சுகாதாரப் பணியாளர் அக்கா) விசாரித்தால் இவளுடைய கர்ப்பகால அட்டை வீட்டு அலமாரியில் கிடக்கும். இப்படியே இரண்டு பக்கமும் பிரஷர் பார்க்காமல் மாதம் ஓடிவிட்டது.

எட்டாம் மாதம் தலைவலி என்று படுத்தாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். முகம் உப்பி, சோப்பு போட்டு இழுத்தும் மோதிரம் கழறவில்லை. எங்கள் அம்மா, "தலைச்சனுக்கு நீர் போடத்தான் செய்யும், பார்லித் தண்ணி குடி, வத்திரும்" என்றார். நல்லவேளை அன்றைக்கு நர்சம்மா தெருவில் இருந்தார். பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தார், 160/110. மறுபடியும் பார்த்தார், அதேதான். சிறுநீரில் புரதமும் (ஊரில் 'உப்பு' என்பார்கள்) இறங்கியிருந்தது. அவரே 108-க்குப் போன் போட்டு, க.விலக்கில் இருக்கிற தேனி அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்.

அங்கே வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள், பிரஷரைக் குறைக்கத் தனி மருந்து. பழைய ஆட்கள் ஜன்னி கண்டு செத்தாள் என்பார்களே, அதில் பல இந்தப் பிரஷரில் வந்த வலிப்பாகத்தான் இருந்திருக்கும். பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடை குறைவு, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான், இப்போது வீட்டை இரண்டாக்குகிறான்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இருபது வாரத்துக்கு மேல் 140/90 வந்தாலே கவனிக்க வேண்டும். வீக்கமே இல்லாமலும் பிரஷர் ஏறும், அதனால் காலைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள், பிறந்து ஆறு வாரம் வரைக்கும்கூட இது வரலாம்.

மலைக்குப் போகிறவர்கள் அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், பிக்மி எண்ணோடு (தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் தருகிற எண்). தோட்டத்துப் பக்கத்தில் இருக்கிற கேரள அரசு ஆஸ்பத்திரியில் போய், "சேச்சி, பிரஷர் நோக்கணும்" என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பட்டை சுற்றிப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இப்போது அவளுக்கு இரண்டாவது தரித்திருக்கிறது. முதல் பிரசவத்துக் கதையைச் சொன்னதுமே, பன்னிரண்டாம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கால்சியம் மாத்திரையும் நடக்கிறது. ஆஸ்பிரினை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஆனால் முன்னே பிரஷர் வந்தவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், நாள் தள்ளிப்போனதுமே போய் டாக்டரிடம் கேளுங்கள். பதினாறு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்றார்.