செத்த ட்ரில் பேட்டரிக்கு ஜம்ப் குடுக்கலாமா?

ஒத்தக்கடை ஆசாரி:
வாட்சப்ல ஒருத்தர் போட்ட வீடியோவ பாத்து வயிறு எரிஞ்சுதான் எழுதுறேன். ட்ரில்லோட 18 வோல்ட் லித்தியம் பேட்டரி செத்துருச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமாம், வேற வழியே கிடையாதாம். சித்திரைத் திருவிழாவுக்கு பட்டறைய பூட்டிட்டுப் போயி திரும்பி வந்து பாத்தா என் பேட்டரியும்தான் செத்துக் கெடந்துச்சு, சார்ஜர்ல மாட்டுனா செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. நல்ல பேட்டரில இருந்து ரெண்டு ஒயர இழுத்து ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ், பத்தே செகண்டு ஜம்ப் குடுத்தேன், சார்ஜர் ஏத்துக்கிருச்சு. மூணு மாசமா தேக்கு நிலைக்கு ஸ்க்ரூ இறக்கிட்டு இருக்கேன்.

கப்பலூர் ஃபிட்டர்:
ஜம்ப் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு செல்லும் எத்தன வோல்ட் இருந்துச்சுண்ணே?

ஒத்தக்கடை ஆசாரி:
மொத்தமா 13 காட்டுச்சு. வேல செய்யுதுல்ல, அப்புறம் என்ன கணக்கு?

கப்பலூர் ஃபிட்டர்:
மொத்தம் கேக்கல, ஒவ்வொரு செல்லும் கேட்டேன். பேட்டரி பேக்குக்குள்ள செல்லு 5 வரிசையா இருக்கு, ஒண்ணு 3.6 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2. உங்க 13ங்கறது அஞ்சும் 2.6ஆ இருக்கலாம், இல்ல நாலு 3.1ல இருந்து ஒண்ணு மட்டும் 0.6க்கு விழுந்து கெடக்கலாம். சில பேக்குல உள்ள இருக்குற சர்க்யூட் போர்டு ஒரே செல்லுல இருந்து கரண்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும், சும்மா வச்சிருந்தாலே அந்த ஒண்ணு மட்டும் காலியாகும். 2 வோல்ட்டுக்குக் கீழ பல நாள் கெடந்தா உள்ள இருக்குற காப்பர் தகடு கரையும், திரும்ப சார்ஜ் ஏத்துறப்ப கண்ட எடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட்டாகும். வெளிய ஒண்ணும் தெரியாது. நீங்க மரத்தூளுக்குப் பக்கத்துல சார்ஜ் போட்டுட்டு வீட்டுக்குப் போறீங்க. அதனாலதான் கேக்குறேன், எத்தன வோல்ட்?

மேலூர் வெல்டர்:
வந்துட்டாய்ங்கய்யா பாடம் நடத்த. நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துல எங்க அப்பா வெல்டிங் மிசின் ஒயர வச்சே ஒரு தட்டு தட்டி எழுப்பி விடுவாரு. யாரு செத்தா?

கப்பலூர் ஃபிட்டர்:
அது 1.2 வோல்ட் செல்லு, வேற வகை. உள்ள ஊசி மாதிரி வளந்து ஷார்ட் ஆக்கிருக்கும், பெரிய கரண்ட் அத எரிச்சு விடும், கொஞ்ச நாள்ல திரும்ப வளரும். அந்த வேலைய லித்தியத்துல காட்டுனா தீதான். அப்பா தெறமசாலிதான், இல்லங்கல, ஆனா இது அந்தச் செல்லு இல்ல. ஆசாரிண்ணே, எத்தன வோல்ட்?

திருமங்கலம் பேட்டரி:
ரெண்டு பேரும் விடுங்கப்பா. பேக்க பிரிச்சு செல்ல மாத்துனா முடிஞ்சது. பழைய லேப்டாப் செல்லு சல்லிசா கெடைக்குது, நானே ஸ்பாட் வெல்டிங் வச்சுருக்கேன்.

கப்பலூர் ஃபிட்டர்:
லேப்டாப் செல்லா? ட்ரில்லு சிக்கித் திணறுறப்ப 20, 30 ஆம்பியர் இழுக்கும், லேப்டாப் செல்லு 5 ஆம்பியருக்கே மூச்சு வாங்கும். கை வைக்க முடியாம கொதிக்கும். ட்ரில்லுக்கு 20 ஆம்பியர் தாங்குற செல்லுதான் போடணும். போன வருசம் எனக்கு ஒரு பேக்கு கட்டிக் குடுத்தீங்களே, செல்லுகள இணைக்கிறதுக்கு நிக்கல் பட்டைனு சொன்னது உப்புத் தண்ணில போட்டா மறுநாளே துரு பிடிச்சுச்சு, இரும்புக்கு முலாம் பூசுனது. அத மறக்கலண்ணே நான்.

திருமங்கலம் பேட்டரி:
குடுத்த காசுக்கு அதுதான் வரும். பேரம் பேசுனது யாரு? ஒரு மணி நேரம் நின்னு பேசுனீங்க.

கப்பலூர் ஃபிட்டர்:
பேரம் பேசுனா இரும்பக் குடுப்பீங்களா?

மேலூர் வெல்டர்:
எங்க அப்பாவ இழுத்ததுக்கு பதில் சொல்லிட்டுப் போங்க முதல்ல.

ஒத்தக்கடை ஆசாரி:
பேச்ச மாத்தாதீங்க. என் பேட்டரி ஓடுதா ஓடலயா?

கப்பலூர் ஃபிட்டர்:
ஓடுது. எத்தன வோல்ட்ல இருந்து எழுப்புனீங்கனுதான் நாலாவது தடவையா கேக்குறேன். நாலு ஸ்க்ரூதான், கழட்டி மீட்டர வச்சுப் பாருங்க, இப்பக்கூட ஃபுல் சார்ஜ் போட்டு ரெண்டு நாள் சும்மா வச்சா எந்த வரிசை தனியா இறங்குதுனு தெரிஞ்சுரும். ஸ்க்ரூ நட்சத்திர வடிவம், பிட்டு இல்லனா கப்பலூருக்கு வாங்க, நான் தர்றேன்.

ஒத்தக்கடை ஆசாரி:
முப்பது வருசமா ரம்பம் பிடிச்ச கை இது, உங்ககிட்ட பிட்டு வாங்க வரணுமா? நாளைக்கு நிலை மாட்டப் போறேன், அதே பேட்டரிதான்.

கப்பலூர் ஃபிட்டர்:
சார்ஜ வெளித் திண்ணைல போடுங்க, பட்டறைக்குள்ள வேணாம். எத்தன வோல்ட்ண்ணே?