கனவு பலிக்குது, அப்புறம் ஹீரோயினுக்கு விசுவாசம் ஏன் தளரணும்?

பாதிராத்திரிபேனா:
கிறிஸ்தவ சஸ்பென்ஸ் நாவல் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், பாதியில மாட்டிக்கிட்டேன். ஹீரோயின் நர்ஸ், நடக்கப்போற சாவை முன்னாடியே சொப்பனத்துல பார்க்குறா, ரெண்டு தடவை அப்படியே நடந்துடுது, மூணாவதா அவ தம்பியையே பார்க்குறா. இதுக்கு நடுவுல அவ விசுவாசம் கொஞ்சம் கொஞ்சமா தளரணும், அதுதான் கதையே. படிச்ச ஃப்ரெண்ட் ஒரே கேள்வில கவுத்துட்டா, கனவு பலிக்கப் பலிக்க நம்பிக்கை கூடத்தானே செய்யும், ஏன் குறையுதுன்னு. அதோட எல்லாமே பலிச்சிடும்னு தெரிஞ்சா சஸ்பென்ஸ் எங்க இருக்கு?

மார்ஜின்குறிப்பு:
பலிக்கிறதாலேயே தளரலாமே சிஸ்டர். பைபிள்ல உபாகமம் 13-ம் அதிகாரம் எடுத்துப் பாருங்க, சொப்பனக்காரன் சொன்ன அடையாளம் நடந்தாலும் அவன் வேற தேவர்கள் பின்னாடி கூப்பிட்டா கேக்காதேன்னு இருக்கு. அப்போ பலிக்கிறது மட்டும் ஆண்டவர்கிட்ட இருந்து வந்ததுக்கு சாட்சி இல்ல. இதை அனுப்புறது யாருன்னு அவளுக்கு பயம் வரட்டும். அதை விட பெரிய கோபம் ஒண்ணு இருக்கு, தடுக்க முடியாததை எதுக்கு எனக்கு காட்டுறீங்கன்னு. ரெண்டு பேர் சாவை முன்னாடியே பார்த்துட்டு ஒண்ணும் பண்ண முடியாம நின்னவ ஜெபத்துல முழங்கால் போடுறதே கஷ்டம்.

பழையஏற்பாட்டுப்பைத்தியம்:
சஸ்பென்ஸுக்கு பைபிள்ல வர்ற யோசேப்பு கதை போதும். 17 வயசுல அண்ணன்மாரோட அரிக்கட்டு (கதிர்க்கட்டு) எல்லாம் தன் கட்டை வணங்குற மாதிரி கனவு, எகிப்து ராஜா பார்வோன் முன்னாடி நிக்கும்போது 30, அதுக்கப்புறம் ஏழு வருஷம் செழிப்பு முடிஞ்சு பஞ்சம் வந்துதான் அண்ணன்மார் வந்து வணங்குறாங்க. நடுவுல, இவன் கனவுக்கு அர்த்தம் சொன்ன ராஜாவோட பானபாத்திரக்காரன் இவனை மறந்துட்டதால ஜெயில்ல ரெண்டு வருஷம் எக்ஸ்ட்ரா. கனவை ஒழிக்கணும்னு அண்ணன்மார் அவனை வித்தாங்க பாருங்க, அந்த விற்பனைதான் கனவை நிறைவேத்துச்சு. உங்க நர்ஸும் தம்பியை காப்பாத்தப் போயே அவனை அந்த இடத்துக்கு கொண்டு விடலாம்.

ராக்குருவி:
மேல சொன்னது நல்லாதான் இருக்கு, ஆனா தப்பிக்க ஓடி அதுலயே விழுறது சஸ்பென்ஸ்ல ரொம்ப அடிச்சுத் துவைச்ச டர்ன் ப்ரோ. நான் யோனா தீர்க்கதரிசி பக்கம் போவேன். 40 நாள்ல நினிவே பட்டணம் கவிழும்னு சொல்லிட்டு அது கவிழல, ஜனங்க மனந்திரும்பிட்டாங்க, கடைசில கடுப்பாகி உக்காந்திருக்கறது தீர்க்கதரிசிதான். அதனால மூணாவது சொப்பனம் பலிக்கவே கூடாது. தம்பி உயிரோட வீட்டுக்கு வர்றான். இது ஜெபத்துக்கு கிடைச்ச பதிலா, இல்ல பைபிள்ல பிரசங்கி புஸ்தகம் சொல்ற மாதிரி தொல்லை அதிகமானதால வந்த வெறும் சொப்பனமா? அப்படின்னா முதல் ரெண்டும் தற்செயலா? அங்கதான் அவ நிஜமா ஆடிப்போவா. தயவுசெஞ்சு கடைசில ஒரு பாஸ்டரை உக்கார வச்சு ரெண்டு பக்கம் விளக்கம் சொல்ல வைக்காதீங்க, நான் புக்கை மூடிடுவேன்.

இன்னொண்ணு, எல்லா சொப்பனத்தையும் அவளே ஏன் பார்க்கணும்? பைபிள்ல கனவு கண்ட பார்வோன், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், இயேசுவுக்குத் தீர்ப்பு சொன்ன பிலாத்துவோட மனைவி, யாரும் விசுவாசி இல்ல. இஸ்ரவேல் படையை நடத்தின கிதியோனுக்கு தைரியம் வந்ததே எதிரி பாளையத்துல ஒருத்தன் தன் கனவை இன்னொருத்தன்கிட்ட சொல்றதை ஒட்டுக்கேட்டுத்தான்.

பாதிராத்திரிபேனா:
ஐயோ அந்த கிதியோன் விஷயம் செம. அப்போ மூணாவது சொப்பனம் அவளுக்கு வேணாம், வார்டுல கடவுளே இல்லன்னு வம்பிழுக்குற பேஷண்ட் ஒருத்தர் இருக்காரு, அவர் பார்க்கட்டும். காலைல டிரிப் மாத்தும்போது, உனக்கு தம்பி இருக்கானாம்மான்னு கேக்குறாரு. பத்தாவது அத்தியாயத்துல இருந்து கிழிச்சுட்டு மறுபடி எழுதப் போறேன்.